வாடகைக்கு விட்ட வீடும் பதினோரு போன் கால்களும்

இன்சூரன்ஸ் என்றதும் நம் ஊரில் முதலில் ஞாபகம் வருவது ரெக்சின் பையோடு வீட்டுக்கு வரும் எல்.ஐ.சி. ஏஜெண்ட். அடுத்தது, டிராஃபிக் போலீஸ் கேட்டால் காட்டுவதற்காக வருஷா வருஷம் புதுப்பிக்கும் வண்டி இன்சூரன்ஸ். கொரோனாவுக்கு அப்புறம் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸும் வீடுகளில் பேச்சில் அடிபடுகிறது. ஆனால் வாழ்நாள் சம்பாத்தியத்தைக் கொட்டிக் கட்டிய வீட்டுக்கு? "லோன் போட்டப்ப பேங்க்ல ஏதோ பிடிச்சாங்க" என்பதோடு சரி. லோன் முடிந்தால் அதுவும் முடிந்தது.

இதிலேயே இன்னொரு ரகம் உண்டு. வீடு ஒரு ஊரில் இருக்கும், சொந்தக்காரர் வேறு ஊரில் இருப்பார், வீட்டுக்குள் குடியிருப்பது மூன்றாவது குடும்பமாக இருக்கும். இந்தச் சாதாரண விஷயத்தை ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் இலவச எண்ணுக்குப் போன் போட்டுப் புரியவைக்க எத்தனை கால் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? பதினொன்று. அதற்கப்புறமும் புரியவில்லை. எண்ணிக்கை சும்மா அடித்துவிடுவது இல்லை, நோட்டில் இருக்கிறது.

அந்த நோட்டு ஒரு டீச்சருடையது. தாம்பரம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'தான். தனியார் பள்ளி என்பதால் பென்ஷன் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, பி.எஃப். கணக்கில் மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் வரும். கணவர் இருந்தபோது, 1998-ல், முடிச்சூரில் முக்கால் கிரவுண்டில் கட்டிய வீடுதான் ஒரே ஆஸ்தி. அவர் போனபிறகு டீச்சர் ஸ்ரீரங்கத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். முடிச்சூர் வீட்டு வாடகை 13,000 ரூபாய் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் பேங்க்கில் விழும். மாத்திரை, பேரனுக்குப் பிறந்தநாள் சட்டை, வருஷத்துக்கு ஒரு தடவை பழைய தோழிகளோடு திருச்செந்தூர், எல்லாம் அதில்தான். மகளிடம் கை நீட்டாமல் இருப்பது என்பது அவருக்கு 13,000 ரூபாய் சமாசாரம்.

முடிச்சூர் என்றதும் சென்னைக்காரர்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று சொல்லவே வேண்டாம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வந்தபோது படகு விட்ட இடங்களில் அதுவும் ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் அந்தப் பக்கம் தண்ணீர் ஏறியது. டீச்சர் வீட்டுக்குள் முழங்கால் அளவு. தண்ணீர் இரண்டு நாளில் வடிந்துவிட்டது, ஆனால் அது விட்டுப்போன செலவு வடியவில்லை. மோட்டார் போயிற்று. கீழ் வரிசை பிளக் பாயிண்ட் எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. சுவரில் பூச்சு உப்பிக்கொண்டு வந்தது. குடியிருந்த குடும்பம் "சின்னக் குழந்தை இருக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் பத்தாவது நாள் காலி செய்தது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வீடு சரியாகி அடுத்த ஆள் வர மார்ச் ஆகிவிட்டது. ரிப்பேருக்கு ஒன்றே கால் லட்சம் போனதுகூட டீச்சருக்குப் பெரிதாகப் படவில்லை. ஐந்தாம் தேதி வந்தும் பேங்க்கிலிருந்து மெசேஜ் வராத அந்த மூன்று மாதம்தான் அவரை உட்காரவைத்து யோசிக்கவைத்தது.

2024 ஆகஸ்டில், அடுத்த மழைக்குள் இன்சூரன்ஸ் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் மூன்று கேள்வி எழுதிக்கொண்டார். நான் குடியிருக்காத என் வீட்டுக்குப் பாலிசி உண்டா? வெள்ளம் அதில் சேர்த்தியா? வெள்ளத்தால் வீடு குடியிருக்க முடியாமல் போனால் வாடகை நஷ்டம் கிடைக்குமா? அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று குக்கரில் பருப்பை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாராம்.

தமிழுக்கு ஒரு எண்ணை அழுத்தச் சொன்னது. அழுத்தினார். வாகனம் என்றால் 1, ஆரோக்கியம் என்றால் 2, பயணம் என்றால் 3, மற்றவை என்றால் 9. வீடு என்பது மற்றவை! அழுத்தினார். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று ஒரு அம்மணி சொல்லிவிட்டுப் புல்லாங்குழலை ஊத ஆரம்பித்தார். குக்கர் நாலு விசில் அடித்து அணைத்த பிறகு ஒரு பெண் லைனில் வந்தது.

"வணக்கம் மேடம், உங்க வண்டி நம்பர் சொல்லுங்க."

"வண்டி இல்லம்மா, வீடு."

"ஓகே மேடம். வீட்டுல இருக்குற வண்டியோட நம்பர் சொல்லுங்க."

சிரிக்காதீர்கள், அந்தப் பெண் கிண்டல் செய்யவில்லை. நாள் முழுக்க வண்டி நம்பர் கேட்டுக்கேட்டுப் பழகிய வாய். இந்தியாவில் உயிர்க் காப்பீட்டை விட்டுவிட்டுப் பார்த்தால், இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு வரும் பிரீமியத்தில் பெரும்பங்கு ஆரோக்கியமும் வண்டியும்தான். வீட்டைப் பற்றிக் கேட்டு வரும் கால் அந்தப் பெண்ணுக்கு எப்போதாவது ஒன்று வந்திருக்கும். "வேற டிபார்ட்மெண்ட்டுக்கு மாத்தறேன் மேடம்" என்றது. மாற்றியதில் லைன் கட்.

இரண்டாவது காலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, இந்தியில் பேசினார்கள். மூன்றாவதுதான் டீச்சர் மறக்காத கால். ஒரு பையன், மரியாதையான பையன்.

"நீங்க ஓனரா, டெனன்ட்டா மேடம்?"

"ஓனர்."

"ஓகே, அப்ப நீங்கதான் குடியிருக்கீங்க."

"இல்ல தம்பி, நான் ஸ்ரீரங்கத்துல இருக்கேன்."

"அப்ப ஸ்ரீரங்கத்துல டெனன்ட்டா இருக்கீங்க."

"அது எம் பொண்ணு வீடு."

கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம் மட்டும். அப்புறம், "மேடம், ரெண்டுல ஏதாவது ஒண்ணு சொன்னாதான் எனக்கு அடுத்த பேஜ் வரும்."

மொத்த வியாதியும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. அந்தப் பையனுக்கு முன்னால் இருந்தது பாலிசி இல்லை, ஒரு கம்ப்யூட்டர் திரை. சொந்தக்காரர் என்றால் குடியிருப்பவர், குடியிருப்பவர் இல்லை என்றால் வாடகைக்காரர், அந்தத் திரைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சென்னையில் எத்தனை வீட்டுக் கதவில் 'டு லெட்' போர்டு தொங்குகிறது, அத்தனை வீட்டுச் சொந்தக்காரர்களும் அந்தத் திரையைப் பொறுத்தவரை இல்லாத ஜன்மங்கள்.

வேடிக்கை என்னவென்றால், பாலிசியில் இந்தக் குழப்பமே கிடையாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பெயரில் ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைக் கொண்டுவந்தது. தீ இன்சூரன்ஸ் விற்கும் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் இதைத் தந்தாக வேண்டும், வாசகமும் எல்லோருக்கும் ஒன்றுதான். பிரீமியத்தில் மட்டும்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம். அதில் வீடு என்பதற்குச் சொல்லியிருக்கும் விளக்கத்திலேயே, சொந்தக்காரரோ அவருடைய வாடகைக்காரரோ குடியிருக்கும் வீடு என்று வருகிறது. தீ, இடி, பூகம்பம், புயல், வெள்ளம், நிலச்சரிவு எல்லாம் அடிப்படையிலேயே உண்டு. டீச்சரின் முதல் இரண்டு கேள்விக்கும் பதில் 'ஆமாம்'. அதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் போனை எடுத்தவர்கள் யாரும் அந்த வாசகத்தைப் படித்தவர்களாகத் தெரியவில்லை.

மூன்றாவது கேள்வி இருக்கிறதே, வாடகை நஷ்டம், அதற்கு வந்த பதில்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாலாவது காலில், "வாடகைன்னா அது பிசினஸ் வருமானம் மேடம், நீங்க கமர்ஷியல் பாலிசிதான் எடுக்கணும்." ஐந்தாவது காலில், "அது ஆட்-ஆன் மேடம், தனியா பிரீமியம் கட்டணும்." எவ்வளவு என்று கேட்டால், "சிஸ்டத்துல காட்டல." ஆறாவது காலில் பேசிய பெண்ணுக்குத் தாராள மனசு. "இருக்கு மேடம், உங்க டெனன்ட் வாடகை குடுக்கலைன்னா நாங்க குடுத்துடுவோம்!"

இதற்கு நேராக டீச்சர் சிவப்புப் பேனாவில் மூன்று கேள்விக்குறி போட்டிருக்கிறார். முதல் இரண்டு பதில்களாவது ஒருவரைப் பாலிசி எடுக்கவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான். மூன்றாவது பதில் ஆபத்தானது. அதை நம்பி எடுத்திருந்தால், வாடகைக்காரர் ஓடிப்போன அன்றைக்குத்தான் உண்மை தெரிந்திருக்கும். நிஜத்தில் இருப்பது இதுதான்: பாலிசியில் சொல்லியிருக்கும் வெள்ளம், தீ மாதிரி ஒன்றால் வீடு சேதமாகி, குடியிருக்கத் தகுதியில்லாமல் போனால், அதைச் சரிசெய்யத் தேவைப்படும் காலத்துக்கு வாடகை நஷ்டம் கிடைக்கும். இது அடிப்படைப் பாலிசியிலேயே இருக்கிறது. தனி ஆட்-ஆன் இல்லை, கமர்ஷியலும் இல்லை. வாடகைக்காரர் பாக்கி வைத்தாலோ, ஆள் கிடைக்காமல் வீடு சும்மா கிடந்தாலோ கிடைக்காது. ஆக ஒரே கம்பெனி, ஒரே எண், ஒரே கேள்வி, மூன்று பதில், மூன்றும் தப்பு. "என் கிளாஸ்ல கடைசி பெஞ்ச் பசங்ககூட ஒரே தப்பைத்தான் எல்லாரும் காப்பி அடிப்பாங்க" என்று டீச்சர் மகளிடம் சொன்னாராம். :-)

அந்தப் பிள்ளைகளைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை கால் எடுக்க வேண்டும், ஒரு காலை இத்தனை நிமிஷத்தில் முடிக்க வேண்டும் என்று கணக்கு வைத்து வேலை வாங்கும் இடம் அது. 'தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்ல அவர்களுக்கு நேரம் தரப்படுவதில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னால் கால் சீக்கிரம் முடியும். நஷ்டம் போன் போட்டவருக்கு.

ஏழாவது காலில் எவ்வளவு தொகைக்கு இன்சூர் செய்வது என்ற பேச்சு வந்தது.

"வீட்டோட மார்க்கெட் வேல்யூ என்ன மேடம்?"

"மனையோட சேத்து தொண்ணூறு லட்சம் போகும்னு சொல்றாங்க."

"ஓகே மேடம், தொண்ணூறு லட்சம் போட்டுடறேன்."

கணக்கு டீச்சரிடம் இது நடக்குமா? "தம்பி, மண்ணு எங்கயும் அடிச்சிட்டுப் போகாது. அதுக்கு எதுக்கு நான் பிரீமியம் கட்டணும்?" அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. இன்சூர் செய்வது கட்டடத்தை மட்டும்தான். இடிந்தால் திரும்பக் கட்ட என்ன ஆகுமோ அதுதான் தொகை. கார்பெட் ஏரியாவை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும். டீச்சர் வீடு 1,100 சதுர அடி. அவர் விசாரித்த மேஸ்திரி சொன்னது சதுர அடிக்கு 2,300 ரூபாய். ஆக 25,30,000 ரூபாய். தொண்ணூறு லட்சத்துக்கு எடுத்திருந்தால் வருஷா வருஷம் மூன்றரை மடங்கு பிரீமியம் கட்டியிருப்பார், ஆனால் கட்டடம் மொத்தமாகப் போனாலும் திரும்பக் கட்டும் செலவுக்கு மேல் ஒரு பைசா வந்திருக்காது.

(குறைத்துப் போடுவதும் புத்திசாலித்தனம் இல்லை. பழைய தீ பாலிசியில், 25 லட்சம் பெறும் கட்டடத்தைப் பன்னிரண்டரை லட்சத்துக்கு இன்சூர் செய்தால், ஒரு லட்ச ரூபாய் சேதத்துக்கு ஐம்பதாயிரம்தான் தருவார்கள். பாதி இன்சூரன்ஸ், பாதி நஷ்டஈடு. புதுப் பாலிசியில் அந்த வெட்டு கிடையாது. ஆனால் மொத்த வீடும் போனால் எழுதிய தொகைக்கு மேல் வராது என்பது மட்டும் மாறவில்லை.)

அதே காலில் வாடகை ஒப்பந்தம் வேண்டும் என்றார்கள். டீச்சரிடம் இருந்தது ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிய பதினோரு மாத ஒப்பந்தம். "ரிஜிஸ்டர் பண்ணதுதான் வேணும் மேடம்." எட்டாவது காலில் பேசியவர், "ஒப்பந்தமே தேவையில்லையே, யார் சொன்னா?" என்றார். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி எந்த வாடகை ஒப்பந்தத்தையும் எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது வேறு விஷயம். டீச்சர் அந்த வேலையையும் மகளை விட்டு முடித்துவிட்டார், அதற்குப் போன் செய்ய வேண்டியிருக்கவில்லை.

எட்டாவது காலில்தான் காரியம் ஆனது. லிங்க் அனுப்பினார்கள், மகள் பணம் கட்டினாள், வரி சேர்த்து இரண்டாயிரத்துக்கும் கீழே. இவ்வளவு சின்னத் தொகைக்கா இத்தனை நாளாக யோசித்தோம் என்று இரண்டு பேரும் சிரித்தார்களாம். அன்று ராத்திரி பாலிசி மெயிலில் வந்தது. டீச்சருக்கு எந்தப் பேப்பரையும் முதல் வரியிலிருந்து படிக்கும் வழக்கம். போன் திரையில் விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் படித்துக்கொண்டே வந்தவர் இரண்டாம் பக்கத்தில் நின்றார்.

'காப்பீடு செய்யப்பட்ட இடம்' என்ற கட்டத்தில் ஸ்ரீரங்கம் முகவரி. பின்கோடு 600-ல் ஆரம்பிப்பதற்குப் பதிலாக 620-ல் ஆரம்பித்தது. மருமகன் பெயரில் இருக்கும், மூன்றாம் மாடி அபார்ட்மெண்டுக்கு, மாமியார் வெள்ள இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறார்!

கேட்கச் சிரிப்பாக இருக்கும். உண்மையில் இதைவிட மோசமாக ஒன்று நடக்க முடியாது. ஸ்ரீரங்கம் வீடு டீச்சருடையது இல்லை, அதற்கு எதுவும் ஆனாலும் அவர் கேட்க உரிமையில்லை. முடிச்சூர் வீடு பாலிசியிலேயே இல்லை, அதற்கு எதுவும் ஆனால் கேட்க இடமில்லை. பணம் போனது மட்டும் நிஜம். ஆதாரில் இருக்கும் முகவரியை எடுத்து எல்லாக் கட்டத்திலும் போட்டுவிட்டது அந்தத் திரை. பணம் கட்டுபவர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் வீடும் இருக்கும் என்பது அதன் சித்தாந்தம். பாலிசி வந்ததும் மெயிலைத் திறக்காமல் 'எடுத்தாச்சு' என்று நிம்மதியாக இருப்பவர்கள் எத்தனை பேரோ.

ஒன்பதாவது கால். "அட்ரஸ் மாத்தணும்னா எண்டார்ஸ்மெண்ட் போடணும் மேடம். புது அட்ரஸ் இருக்குற ஆதார் அனுப்புங்க."

"ஆதார்ல ஸ்ரீரங்கம்தான் இருக்கு. நான் அங்கதான இருக்கேன்?"

"அப்ப ஆதார்ல முடிச்சூர்னு மாத்திட்டு அப்புறம் கால் பண்ணுங்க மேடம்."

பத்தாவது கால் பேசிக்கொண்டிருக்கும்போதே கட் ஆனது. பதினோராவதில், "ரிக்வெஸ்ட் போட்டாச்சு, 48 மணி நேரத்துல உங்களுக்குக் கால் வரும்" என்றார்கள். கால் வந்தது, நிறைய வந்தது. பேரனின் படிப்புக்குச் சேமிப்புத் திட்டம் வேண்டுமா, பெர்சனல் லோன் வேண்டுமா, நகைக்கு இன்சூரன்ஸ் வேண்டுமா என்று. வீட்டைப் பற்றி ஒன்றும் வரவில்லை. (1909-க்குச் சொல்லி விளம்பர அழைப்புகளை நிறுத்திவைக்கலாம். மகள் அதைச் செய்தபிறகு கொஞ்சம் குறைந்தது.) இதற்குள் அக்டோபர் பிறந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை யாருடைய எண்டார்ஸ்மெண்டுக்கும் காத்திருக்காது.

டீச்சர் போனைக் கீழே வைத்தார். பாலிசியின் கடைசிப் பக்கங்களைப் படித்தார். அங்கே குறை தீர்க்கும் அதிகாரி என்று ஒருவருடைய மெயில் முகவரி இருந்தது. எல்லாப் பாலிசியிலும் இருக்கும், யாரும் அந்தப் பக்கம் வரை போவதில்லை. மகளை உட்காரவைத்து மெயில் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். திட்டு ஒன்றும் இல்லை. முகவரி எங்கே தப்பு, எது சரி என்று இரண்டு வரி. கூடவே முடிச்சூர் வீட்டின் வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், பத்திரத்தின் முதல் பக்கம். கீழே நோட்டிலிருந்து பதினோரு கால்களின் தேதி, நேரம், பேசியவர் சொன்ன பெயர், கொடுத்த ரிக்வெஸ்ட் எண். கடைசியில் ஒரு வரி: திருத்தம் வராவிட்டால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' தளத்தில் பதிவு செய்துவிட்டு, ஒரு மாதம் பார்த்துக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போக உத்தேசம்.

இந்த இரண்டு வழியும் நிஜமானவை, செலவும் கிடையாது. 155255 என்ற எண்ணிலும் ஆணையத்திடம் புகார் சொல்லலாம். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும், ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலேயே அதற்கு அலுவலகம் உண்டு. அங்கே வக்கீல் வைக்க வேண்டியதில்லை, வைக்கவும் விடமாட்டார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் கையில் எழுத்து வேண்டும். டீச்சர் பேசிய மணிக்கணக்கான பேச்சும் 'தரத்துக்காகப் பதிவு செய்யப்படுகிறது' என்று சொல்லப்பட்டதுதான். அந்தப் பதிவு கம்பெனியிடம் இருக்கும், டீச்சரிடம் இருந்தது நாற்பது பக்க நோட்டு.

நாலாம் நாள் கம்பெனியின் திருச்சிக் கிளையிலிருந்து ஒருவர் பேசினார். வயசான குரல். "டீச்சர், வீடு முடிச்சூர், வாடகைக்கு விட்டிருக்கீங்க, நீங்க இருக்கறது இங்க. சரிதானே?" என்று கேட்டாராம். பதினோரு காலில் யாருக்கும் ஏறாத விஷயம், முதல் வாக்கியத்திலேயே. "சரிதாங்க" என்று சொல்லும்போது டீச்சருக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்று மகள் சொல்கிறாள், டீச்சர் ஒத்துக்கொள்வதில்லை. அந்த வாரமே திருத்திய பாலிசி வந்தது. வாடகைக்காரர் காலி செய்தாலோ, வேறு ஆளுக்கு விட்டாலோ ஒரு மெயில் போட்டுவிடுங்கள், மறக்காதீர்கள் என்றும் அவரே சொன்னார்.

டீச்சர் சந்தோஷத்தில் முடிச்சூருக்குப் போன் போட்டுச் சொன்னார். இப்போது அங்கே குடியிருப்பது ஒரகடத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவரின் குடும்பம், இரண்டு பெண் குழந்தைகள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரொம்ப நல்லதா போச்சு டீச்சரம்மா. அப்ப எங்க பீரோ, வாஷிங் மெஷின் எல்லாம் அதுல சேந்துடும்ல?" என்றார்.

டீச்சரிடம் அதற்கு உடனே பதில் இல்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். கட்டடத்துக்கு எடுக்கும்போது உள்ளே இருக்கும் சாமான்களுக்கும் தானாகவே கட்டடத் தொகையில் இருபது சதவீதம், அதிகபட்சம் பத்து லட்சம் வரை, காப்பீடு உண்டு. டீச்சர் கணக்கில் 5,06,000 ரூபாய். ஆனால் அது டீச்சருடைய சாமான்களுக்கு. அந்த வீட்டில் டீச்சருடையது என்று பரணில் ஒரு பழைய டிரங்க் பெட்டியும் நாலு எவர்சில்வர் அண்டாவும்தான் இருக்கின்றன. தரையில், தண்ணீர் வந்தால் முதலில் நனையும் இடத்தில் இருப்பதெல்லாம் குடியிருப்பவர் சொத்து. மாதத் தவணையில் வாங்கிய வாஷிங் மெஷின், பிள்ளைகளின் புத்தகம், மெத்தை. வெள்ளம் வந்தால் சுவருக்குப் பணம் வரும், டீச்சருக்கு வாடகை வரும், அவருக்கு ஒன்றும் வராது.

மறுநாள் டீச்சர் அதை அப்படியே சொல்லிவிட்டார். "உங்க சாமானுக்கு நீங்கதான் தனியா எடுக்கணும் தம்பி. சாமானுக்கு மட்டும் எடுக்கலாம், வீடு சொந்தமா இருக்கணும்னு இல்ல."

அவர் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனி கேன்டீன் வாசலில் நின்று போன் போட்டார். தமிழுக்கு அழுத்தினார், 9 அழுத்தினார், புல்லாங்குழல் கேட்டார். "சொந்த வீடு இல்லாதவங்களுக்கு வீட்டு இன்சூரன்ஸ் கிடையாது சார்" என்று ஒரு குரல் சொல்லிவிட்டது. அடுத்த நாள் இன்னொரு குரல், ஓனரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னது. மூன்றாவது நாள் இடைவேளை முடிகிறவரை புல்லாங்குழல் மட்டும். அவரிடம் டீச்சர் மாதிரி உட்கார்ந்து பேச நேரம் கிடையாது, அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட்டு லைனுக்குத் திரும்ப வேண்டும்.

"போனை விட்டுடுங்க தம்பி" என்றார் டீச்சர். திருச்சிக் கிளைக்காரரின் மெயிலுக்கு எழுதச் சொன்னார், என்ன எழுத வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சாமான்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, பில் இருப்பதற்குப் பில்லோடு பட்டியல் போடச் சொன்னார். பெரிய பெண் ஏழாவது படிக்கிறாள், அவள்தான் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பட்டியல் எழுதியது. தையல் மெஷினை விட்டுவிட்டாள் என்று அம்மா சண்டை போட்டு அதையும் சேர்த்தார்களாம். நவம்பர் இரண்டாம் வாரம் பாலிசி வந்தது, பிரீமியம் சில நூறு ரூபாய்தான். அவர் முதல் காரியமாக இரண்டாம் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். முடிச்சூர் என்றுதான் இருந்தது.